தோள்பூட்டு

இன்னொரு தடவை அழுத்தினாள் இசக்கியம்மாள். உள்ளே எங்கோ டக் என்றது. அவ்வளவுதான். அரை நிமிடம் ஏதோ யோசிப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு, மூன்றாவது டிராயர் திறக்கவில்லை என்று சிவப்பு எழுத்தில் சொன்னது திரை. திறக்கவில்லை என்று தெரிந்துதானே பெரும்பாக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி அம்பத்தூருக்கு வந்திருக்கிறேன், அதை நீ வேறு எனக்குச் சொல்ல வேண்டுமா என்று மனசுக்குள் அதைத் திட்டினாள். இது பதினேழாவது தடவை. இல்லை, பதினெட்டு. எண்ணுவதை நிறுத்த வேண்டும், எண்ண எண்ணத் தோல்வி பெருத்துக்கொண்டே போகிறது. பார்க்கப்போனால் எவ்வளவு அற்பமான சங்கதி. ஆள் உயர இரும்பு அலமாரி, அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து நீள டிராயர், ஒவ்வொன்றிலும் கம்ப்யூட்டர் தகவல் பதிந்த நாற்பது கேசட், பின்னால் இருட்டில் ஒரு எந்திரக் கை மேலும் கீழும் ஓடிக் கேட்ட கேசட்டை எடுத்து வாசிக்கக் கொடுத்துவிட்டு மறுபடி அதனிடத்தில் செருகும். இதற்குப் பெயர் டேப் லைப்ரரி. கல்யாணமான புதிதில், லைப்ரரி ரிப்பேர் செய்கிற வேலை என்று சொன்னதைக் கேட்ட நாத்தனார், அட்டை கிழிந்த புத்தகத்துக்குப் பசை தடவுகிற வேலையாக்கும் என்று இரண்டு வருஷம் ஏரல் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். போதாக்குறைக்குத் தன் பிள்ளையின் நோட்டையெல்லாம் கொண்டுவந்து பைண்டு பண்ணித் தரச் சொன்னாள். பண்ணித்தான் கொடுத்தாள் இசக்கி. அப்போது விரல் சொன்ன பேச்சு கேட்டது. ஒவ்வொரு டிராயருக்கும் ஒரு பூட்டு, சாவி கிடையாது, கட்டைவிரல் அகலத்தில் ஓர் இரும்பு நாக்கு மேலிருந்து இறங்கி டிராயர் விளிம்பிலுள்ள பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். திரையில் பொத்தானை அழுத்தினால் சின்னக் காந்தம் ஒன்று அந்த நாக்கை மேலே தூக்கும், டிராயர் தானாக அரை அங்குலம் வெளியே எட்டிப் பார்க்கும். தூக்க வேண்டியது ஒரே ஒரு நாக்கு. அதைத்தான் மூன்று நாளாக யாராலும் தூக்க முடியவில்லை.

குளிர். வெளியே ஆனி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருக்க, இந்த அறைக்குள் மட்டும் பதினெட்டு டிகிரி, மெஷினுக்குக் காய்ச்சல் வந்துவிடக் கூடாதாம். மனுஷிக்கு வந்தால் பரவாயில்லை. துப்பட்டாவை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, வலது கையை இடது அக்குளுக்குள் சொருகினாள். விரல் கணு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. போன ஐப்பசியில் சிக்குன்குனியா வந்தபோது, பதினைந்து நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பதினைந்து நாளில் காய்ச்சல் போனது, மூட்டு வலி மட்டும் வாடகைக்கு வந்தவன் காலி பண்ணமாட்டேன் என்பதுபோல் உட்கார்ந்துகொண்டது. எட்டு மாசம். காலையில் எழுந்தால் வெந்நீரில் கையை வைத்தால்தான் பல்துலக்கும் பிரஷைப் பிடிக்க முடிகிறது, ஊறுகாய் பாட்டில் மூடியைப் புருஷன்தான் திறக்கிறான், அதுவும் அவன் கேட்காமல் இருக்க இவள் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு நீட்டுவாள். ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். சொல்லாமலே ஆகிக்கொண்டிருக்கிறது. போன மாசம் ஒசூரில், எந்திரக் கையைக் கழற்றும்போது பிளாஸ்டிக் கொண்டி ஒன்று படக்கென்று முறிந்தது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரலுக்குத் தெரியவில்லை, அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. இருபது வருஷத்தில் அவள் உடைத்த முதல் சாமான். அன்றைக்கு சாயங்காலமே மேனேஜர் அருமைநாயகம் கூப்பிட்டு ரொம்ப மரியாதையாகப் பேசினார், அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. அலைந்தது போதும், ஆபீசில் ஏசி ரூமில் நல்ல நாற்காலி, போனில் வருகிற புகாரை எழுதிக்கொள்கிற வேலை, உங்கள் அனுபவத்துக்கு அதுதான் சரி என்றார். இன்று காலை அந்த மரியாதைக்கு ஒரு மணிக்கணக்கும் வைத்துவிட்டார். மத்தியானம் ஒரு மணிக்குள் டிராயர் திறந்தால் நல்லது. திறக்காவிட்டால் முன்பக்கத் தகட்டை அறுத்து எடுக்க ஆள் வரும், முதல் தேதியிலிருந்து இசக்கிக்கு நாற்காலி. இப்போது மணி பதினொன்றே முக்கால்.

அறுப்பார்களாம். அறுத்தால் இரும்புத் தூள் எங்கே போய் விழும் என்று, அறுக்கச் சொல்லி வெளிநாட்டிலிருந்து மெயில் போட்ட மெஷின் கம்பெனிக்காரனுக்கு என்ன கவலை. நாற்பது கேசட், ஒன்பது ஸ்கேன் சென்டரின் பத்து வருஷப் படம், யார் யாருடைய நுரையீரலோ, முழங்காலோ, பிறக்காத பிள்ளையின் முதுகெலும்போ, எல்லாம் அதற்குள் சுருண்டு கிடக்கிறது. ஒரு துகள் போதும், நாடாவில் கீறல் விழ. அறுக்கவிடக் கூடாது. ஆனால் அறுக்கவிடக் கூடாது என்பது ஸ்கேனுக்காகவா நாற்காலிக்காகவா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், இரண்டுக்கும்தான், அதில் என்ன வெட்கம், நாற்காலிக்காகத்தான் அதிகம். உட்கார்ந்தே இருப்பது எப்படி இருக்கும். காதில் மாட்டிக்கொண்டு, சொல்லுங்க சார், எழுதிக்கிட்டேன் சார், ஆள் அனுப்புறேன் சார். யாரையோ அனுப்புவது. அனுப்பப்பட்டவன் அங்கே என்ன பார்த்தான், மெஷினுக்குள் என்ன வாசனை, எந்தத் திருகு இளகியிருந்தது என்று எதுவுமே தெரியாமல். இந்த வாசனை இல்லாமல் எப்படி இருப்பது, சூடான பச்சை சர்க்யூட் தகடும் புது பிளாஸ்டிக்கும் கலந்த இந்த வாசனையைப் புருஷன் அவள் துப்பட்டாவில் மோந்துபார்த்து, இன்னைக்கு எந்த ஊர் மெஷின் என்று கேட்பான். அழுகை வந்தது. வரட்டும், குளிரில் கண்ணில் நீர் வருவது சகஜம் என்று சொல்லிக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தினாள். டக். சிவப்பு எழுத்து.

கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டுத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்தவத்சலம் வந்தார். இந்த இடத்தில் கேசட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான், ஐம்பத்தைந்து வயசிருக்கும், அரைக்கை ஸ்வெட்டர், புதுக் கேசட்டைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள். மூன்று நாளாக அவருக்கும் சோறு இறங்கவில்லை. உங்கள் ஆபீசிலிருந்து முந்தாநாள் வந்த தினகர் ஜிம்முக்குப் போகிற பையன், அலமாரியில் ஒரு காலை உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தான், நேற்று பூட்டுக்கு மேலே இருக்கிற ஊசித் துளை வழியாகக் கம்பியை விட்டு நாக்கை நெம்பினான், கம்பிதான் வளைந்தது என்று வருத்தத்தோடு சொன்னார். அவன் இழுக்க, செக்யூரிட்டி இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க, நான்தான் போதும்பா கழண்டு கையோட வந்துடப்போவுது என்று நிறுத்தினேன் என்றார். பிறகு மெஷினையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு,

“பூட்டு போயிடுச்சா மேடம்?” என்று கேட்டார்.

பூட்டு போச்சு. அந்தச் சொல் அவள் மனசில் போய் மாட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்றது. காய்ச்சலில் கிடந்தபோது மாமியார் போனில் சொந்தக்காரர்களிடம் எல்லாம் அதைத்தான் சொன்னாள், இவளுக்குப் பூட்டுக்குப் பூட்டு வலிக்காம், எல்லாப் பூட்டும் போச்சாம் என்று. கைப்பூட்டு, இடுப்புப்பூட்டு, தோள்பூட்டு. எலும்பும் எலும்பும் சேருகிற இடத்துக்கு யார் அந்தப் பெயரை வைத்தார்களோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள், அன்றைக்கு உடம்பில் ஒரு பூட்டும் திறக்கவில்லை, ஒருக்களித்துப் படுக்கக்கூடப் பிறர் திருப்பிவிட வேண்டியிருந்தது. புருஷன் முதல் நாள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தான், உயிர் போயிற்று, கத்திவிட்டாள். அவன் இழுக்க இழுக்க இவள் பயத்தில் எதிர்ப்பக்கம் விறைக்க. பூட்டு போகவில்லை சார் என்று பக்தவத்சலத்திடம் சொல்ல நினைத்தாள், ஆனால் போகவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது. நீங்களும் ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன் மேடம் என்றார் அவர், நல்ல மனசோடுதான். எழுந்து டிராயரின் கைப்பிடியில் நான்கு விரலையும் கொடுத்தாள். இழுப்பதுபோல் தோளைப் பின்னுக்குச் சாய்த்தாள், முகத்தைச் சுளித்தாள், கால்களை அகட்டி வைத்தாள், எல்லாம் செய்தாள், இழுக்க மட்டும் இல்லை. விரல் மூடவே இல்லை, பிறகு எங்கே இழுப்பது. சும்மா தொட்டுக்கொண்டு நின்றாள். நாற்பத்து மூன்று வயசில் இப்படி ஒரு நாடகம். வரல சார் என்றாள். பிறகு, நல்ல டார்ச் ஒன்று வேண்டும் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள். டார்ச் அவள் பையிலேயே இருந்தது.

அவர் போனதும் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் மூன்றாவது டிராயர் சரியாகத் தோள் உயரத்துக்கு வந்தது. சாய்ந்துகொண்டாள். தோளையும் தலையையும் அந்தக் குளிர்ந்த இரும்பில் வைத்து முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டாள், காலையில் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் கதவில் சாய்ந்து வந்ததுபோல. நாற்காலிக்குப் போய்விடலாம். போனால் என்ன. கீழே விழுந்துவிடப் போகிறேனா. வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மத்தியானம் சூடாகச் சாப்பிடலாம். யோசிக்க யோசிக்க அந்த நாற்காலி நல்லதாகவே தெரிந்தது, அதுதான் அதன் பொல்லாத்தனம், இப்படியே நல்லதாகத் தெரிந்து தெரிந்து ஒருநாள் எழுந்திருக்கவே முடியாமல் செய்துவிடும். கடைசியாக ஒரு தடவை என்று, நிமிரக்கூடச் சோம்பிப் போய், சாய்ந்தபடியே இடது கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். டக். பிறகு இன்னொன்று, மிகச் சின்னதாக, காதில் கேட்டதா தோளில் கேட்டதா என்று சொல்ல முடியாதபடிக்கு, ஒரு கிர்ர்.

அப்படியே அசையாமல் இருந்தாள். சிவப்பு எழுத்து வந்தது, வந்துவிட்டுப் போகட்டும். இதுவரை அத்தனை தடவையும் ஒரே ஒரு டக். இப்போது டக், கிர்ர். நாக்கு உரசியிருக்கிறது. உரசியிருக்கிறது என்றால் நகர்ந்திருக்கிறது. இந்தத் தடவை மட்டும் என்ன வித்தியாசம். ஒன்றுமில்லை, இசக்கி சாய்ந்திருந்தாள், அவ்வளவுதான். சாய்ந்திருந்தாள். மேல்மூச்சு வாங்கியது. காலையில் மதுரவாயல் ஸ்டாப்பில் பஸ் கதவு திறக்கவில்லை, டிரைவர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார், கதவுக்கு ஒரு கேடும் இல்லை, உள்ளே ஒரு தடித்த ஆள் முதுகால் அதை அமுக்கிக்கொண்டு நின்றான். இறங்க வேண்டியவர்கள் கத்த, ஏற வேண்டியவர்கள் வெளியிலிருந்து கதவைப் பிடித்து இழுக்க, கண்டக்டர்தான், யோவ் கதவை விட்டு உள்ள தள்ளி நில்லுய்யா என்று ஒரு அதட்டுப் போட்டார். அவன் ஒரு சாண் நகர்ந்தான், கதவு சிரித்துக்கொண்டே திறந்தது. அப்படியானால் இந்த டிராயருக்கு உள்ளேயும் ஒருத்தன் நிற்கிறான். உள்ளிருந்து எதுவோ டிராயரை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது, தள்ளத் தள்ளப் பள்ளத்தின் விளிம்பு நாக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, பாவம் அந்தச் சின்னக் காந்தம் என்ன செய்யும். இந்த லட்சணத்தில் மூன்று நாளாக எல்லாரும் வெளியிலிருந்து இழுத்திருக்கிறார்கள். தினகர் இழுத்தான், செக்யூரிட்டி இழுத்தான், ஆளாளுக்கு இழுத்து இழுத்து அந்த இறுக்கத்தை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். நல்ல கை இருந்தால் நானும் இழுத்திருப்பேன் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருஷமாக இழுத்தவள்தானே. இன்றும் வந்தவுடன் இழுத்திருப்பாள், இழுத்துப் பார்த்து, வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

சரி, அவசரப்படாதே. முக்காலியை அரை அடி முன்னால் நகர்த்தினாள். வலது தோளை டிராயரின் நெற்றியில், கைப்பிடிக்குச் சற்று மேலே, எலும்பு படும்படி வைத்தாள். விரலுக்கு இதில் வேலையே இல்லை, அதுகள் மடியில் சும்மா கிடக்கட்டும். பாதத்தைத் தரையில் ஊன்றித் தள்ளினாள். தோள்பூட்டில் வலி சுரீரென்று பிடித்தது, பிடித்தால் பிடிக்கட்டும், அதுவும் பூட்டு இதுவும் பூட்டு, யார் முதலில் விடுகிறார்கள் பார்த்துவிடலாம். இடது கை பொத்தானைத் தொட்டது. டக், கிர்ர். வரவில்லை. பயம் வந்தது, இதுவும் இல்லையென்றால் வேறு யோசனை கிடையாது, மணி பன்னிரண்டே கால். மூச்சை விட்டாள். இன்னும் கொஞ்சம் கீழே, நடுவில் இல்லை, நாக்கு இருக்கிற வலது ஓரத்தில் கொடுக்க வேண்டும். தோளை நகர்த்தினாள். உடம்பு மொத்தத்தையும், எட்டு மாச வலியையும், ஒசூரையும், அருமைநாயகத்தின் மரியாதையையும் சேர்த்து அந்த ஓரத்தில் சாய்த்தாள். உள்ளே ஏதோ ஒன்று நெளிந்து இடம்விட்டது, நூலளவு, தோளுக்குத் தெரிந்தது. அழுத்தினாள். டக், கிர்ர், டொக். தோளை எடுத்தாள். டிராயர் ரொம்ப சாதாரணமாக, மூன்று நாளாக ஒன்றுமே நடக்காததுபோல, அரை அங்குலம் வெளியே வந்து நின்றது.

அவள் சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள், அந்த மெஷின்களின் இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். தொறந்துட்டல்ல, வாட்டி ராசாத்தி என்று டிராயரை ஏரல் பாஷையில் கொஞ்சினாள். சந்தோஷம் எங்கிருந்தோ கிளம்பி முழங்கால் வரை வந்து ஆடியது. இருபது வருஷத்தில் எத்தனையோ மெஷினைத் திறந்திருக்கிறாள், ஒன்றுக்கும் இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. பிறகு உள்ளங்கையைக் கைப்பிடிக்கு அடியில் கொடுத்து, மணிக்கட்டால் மெல்ல நகர்த்தி, டிராயரை முழுக்க வெளியே கொண்டுவந்தாள். நாற்பது கேசட்டும் கீறல் இல்லாமல் நின்றன. முப்பத்தொன்பது ஒழுங்காக நின்றன. கடைக்கோடியில், பின்சுவரை ஒட்டிய முதல் எண் கேசட் மட்டும், டிராயர் உள்ளே போனால் அந்தச் சுவரில் முட்டும்படி, வரிசைக்கு வெளியே ஒரு நெல் அளவு துருத்திக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள். அதன் அடியில் மஞ்சளாக ஒரு ஸ்டிக்கர், கழன்று, சுருண்டு, பசையோடு தடித்துக் கிடந்தது. பக்தவத்சலம் டார்ச்சோடு வந்தபோது அவள் அதை இடுக்கியால் எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்தால் நடுவில் சிவப்பு மையில் அழகாக ஒரு ‘உ’. பிள்ளையார் சுழி.

அவர் டிராயரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. இடுக்கியைப் பார்த்தார், மலர்ந்தது அப்படியே நின்றுபோயிற்று.

“நான்தான் மேடம் ஒட்னேன்” என்றார். “ஒவ்வொரு டிராயர்லயும் மொத கேசட்டுக்கு ஒட்டுவேன். பார்கோடு மேல படாம, ஓரமா. இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல.”

இவ்வளவு பெரிய மெஷினை மூன்று நாள் நிறுத்தியது சாமி பெயரால் தான் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதமா என்று அவர் திகைத்து நிற்பதைப் பார்க்க இசக்கிக்குப் பாவமாக இருந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. வெளிநாட்டிலிருந்து மெயில் போட்டவன் ஆயிரம் பக்கம் கையேடு எழுதினாலும் இந்த ஒரு வரி அதில் வந்திருக்காது. கோபம் வரவே இல்லை. மற்ற நான்கு டிராயரிலும் இருப்பதை இன்றைக்கே எடுத்துவிடலாம், ரிப்போர்ட்டில் லேபிள் கழன்று மாட்டியது என்று உள்ளதை எழுதுகிறேன், உங்கள் பெயர் எதற்கு என்றாள். சுழி போடாமல் ஆரம்பிக்க மனசு வராதே மேடம் என்று அவர் இழுத்தார். கேசட் எழுதிவைக்கிற ரிஜிஸ்டரில் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளையாருக்கும் குளிராது என்றாள் இசக்கி. அவர் சிரித்துவிட்டார். பிறகு டிராயரை மூடி, திறந்து, மூடி, திறந்து, பத்து தடவை பார்த்தார்கள். பத்து தடவையும் நாக்கு சொன்ன பேச்சு கேட்டது. பதினொன்றாவது தடவை, தேவையே இல்லாமல், அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக மட்டும் அழுத்தினாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் போன் வந்தது. அறுக்கிற ஆள் கிளம்பிவிட்டான் என்று சொல்லத்தான் அருமைநாயகம் கூப்பிட்டிருப்பார். திறந்தாயிற்று, கேசட் எல்லாம் பத்திரம், ஆளைத் திருப்பிவிடுங்கள் என்றாள்.

“தினகர் அவ்வளவு பலமா இழுத்தும் வரலையே” என்றார் அவர். “நீங்க எப்படி இழுத்தீங்க?”

பதில் நாக்கில் தயாராக இருந்தது. ஒரு டெக்னிக் சார் என்று சொல்லிவிடலாம், அவரும் நம்பிவிடுவார். எட்டு மாசமாகச் சொல்லிப் பழகிய பொய்தான். ஆனால் அதற்கு இன்று ஒரு அவசியமும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

“நான் இழுக்கல சார். இழுக்கதுக்கு என் விரல்ல தெம்பு கெடையாது. காய்ச்சல் வந்ததுல இருந்தே கெடையாது, உங்ககிட்ட மறைச்சுட்டேன். ஒசூர்ல ஒடஞ்சது அதனாலதான். இன்னைக்கு தொறந்ததும் அதனாலதான். இழுக்க முடியாம தோளை வச்சு சாஞ்சேன், அப்பத்தான் உள்ள இருந்து எதுவோ தள்ளுதுன்னு தெரிஞ்சுது.”

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. நாற்காலியைப் பற்றிப் பேச்சு வரும் என்று காத்திருந்தாள்.

“திருச்சியில ஒண்ணு ஆறு நாளா நிக்குது” என்றார். “ரெண்டு பேர் போயிட்டு வந்துட்டாங்க. புதன்கிழமை போறீங்களா, இசக்கி?”

“போறேன் சார். பஸ் வேண்டாம், ரயில்ல போடுங்க. கீழ் பெர்த்தா போடுங்க, மேல ஏற எனக்குக் கை வராது.”

“கீழ் பெர்த்” என்று திருப்பிச் சொன்னார் அருமைநாயகம், எழுதிக்கொள்கிறவர் சொல்வதுபோல.